திறந்த கதவும் நீட்டிய கையும்

பழனி மலைத்தொடரிலே ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல். வெயிலுக்கு அஞ்சி மலையேறுவோர் ஏரியையும் தூண்பாறையையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அந்நகரில் மகளிர்க்கெனவே ஒரு பல்கலைக்கழகம் இருப்பதை அவர்களுள் பலர் அறியார். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1984-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால் தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமே அது.

அதே மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களை அடுத்துப் பளியர் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த மரபினர் அவர். இன்று பலர் தோட்டங்களில் கூலி வேலை செய்கின்றனர். மலைமேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அம்மலையின் பழங்குடியிலே பிறந்த பெண்ணும் இருக்கிறாள். இருவர்க்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? இதையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

சட்டம் தன் கடமையை ஓரளவு செய்திருக்கிறது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை மாகாண அரசின் ஆணை நீதிமன்றத்திலே செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அதன் விளைவாக, 1951-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிறந்தது. பின்தங்கியோர்க்கும் பழங்குடியினர்க்கும் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்று அது உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டில் பழங்குடியினர்க்கு நூற்றுக்கு ஓர் இடம் தனியே ஒதுக்கப்பெற்றது. கதவு திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஆனால், திறந்த கதவைக் கண்டு உள்ளே வருபவர் எத்தனை பேர்? 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. தமிழ்நாட்டிலே எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினருள் 54 பேர். பழங்குடிப் பெண்களை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ 47 பேரே. பள்ளியின் படியையே பாதிப் பேர் கடவாதபோது, பல்கலைக்கழகத்தின் வாயிலில் யார் வந்து நிற்பார்?

ஆகவே, பல்கலைக்கழகம் விண்ணப்பத் தாளுக்காகக் காத்திருத்தல் போதாது. அதுவே பள்ளியைத் தேடிச் செல்ல வேண்டும். அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதற் பத்து விழுக்காட்டினுள் தேறியவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு என்றது அச்சட்டம். எனினும், சட்டம் மட்டும் மாணவரைக் கொணர்ந்து சேர்க்காது என்பதை ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகம் உணர்ந்தது. அதுவரை மிகச் சிலரையே அனுப்பிவந்த பள்ளிகளுக்குத் தன் அலுவலரை அனுப்பிற்று. அப்பள்ளி மாணவர்க்கெனவே உதவித்தொகையும் ஏற்படுத்திற்று. இது நாமும் கொள்ளத்தக்க பாடம்.

மலையூர்ப் பள்ளி மாணவியரோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் என்னைக் கேட்டவை பாடத்திட்டத்தைப் பற்றிய கேள்விகள் அல்ல. "விடுதியில் என்ன சாப்பாடு போடுவார்கள்? வீட்டுக்கு எப்போது போகலாம்? எங்கள் ஊர்ப் பிள்ளை வேறு யாராவது அங்கே படிக்கிறதா?" என்றே கேட்டனர். இக்கேள்விகட்கு அச்சிட்ட கையேடு விடை தராது. அதே மலையிலிருந்து சென்று பயிலும் ஒரு பெண் நேரில் வந்து தன் அநுபவத்தைச் சொன்னால், ஆயிரம் விளம்பரத்தினும் அது பயன் தரும்.

இன்னொரு தடை சான்றிதழ். நம் மாநிலத்தில் பழங்குடியினர்க்குச் சாதிச் சான்றிதழ் வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர். கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியே. விசாரணைக்கு நாள் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் தேடத் தொடங்கினால், சேர்க்கைக் காலம் கடந்துவிடலாம். பல்கலைக்கழகமும் பள்ளியும் கைகோத்து, ஓராண்டு முன்னரே இதை நினைவூட்டினால் எத்தனையோ பெண்களின் எதிர்காலம் காக்கப்படும்.

சேர்ந்தபின் கடமை முடிந்ததா? அன்று; அப்போதுதான் தொடங்குகிறது. 1960-களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்னும் மானிடவியல் அறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். போட்டியை விரும்பாமையும், பூசல் நேர்ந்தால் எதிர்த்து நில்லாமல் விலகிச் செல்வதும் அவர்தம் வாழ்க்கை நெறி என்கிறார். அனைவரும் ஒரே இயல்பினர் என்று நான் கூறவில்லை. ஆனால், அந்நெறியில் வளர்ந்த ஒரு பெண்ணை வகுப்பில் யாரேனும் எள்ளி நகையாடினால், அவள் முறையிடமாட்டாள். ஒருநாள் ஊருக்குச் சென்றுவிடுவாள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படும். அவள் ஏன் சென்றாள் என்று அப்பதிவேடு சொல்லாது.

அவளைத் தாங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வகுப்புத் தொடங்குமுன் சில வாரம் ஆங்கிலப் பயிற்சி தரலாம். மூத்த மாணவி ஒருத்தியைத் துணையாக அமர்த்தலாம். அரசின் உதவித்தொகை வந்து சேரச் சில வேளை நாளாகும்; விடுதிக் கட்டணமோ காத்திராது. அத்தொகை வரும்வரை கட்டணத்தைக் கேளாதிருக்கும் ஏற்பாடு ஒன்றே சிலரது படிப்பைக் காக்கும். இரண்டு நாள் வராதவளை மூன்றாம் நாள் விசாரிக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பின், அவரே எல்லாவற்றினும் பெரிய உதவி.

மாணவ நண்பர்களே! இவற்றுள் பாதி அலுவலகத்தின் வேலையன்று, உங்கள் வேலை. உணவுக்கூடத்தில் தனியே அமர்ந்திருப்பவளை அருகே அழைப்பதற்கு எந்த அரசாணையும் வேண்டுவதில்லை. காட்டையும் மழையையும் செடிகொடிகளையும் பற்றி அவளிடம் நீங்கள் கற்கத்தக்கவை பல உண்டு.

பழனி மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்கிறது. 2006-இல் மலர்ந்தது, 2018-இல் மலர்ந்தது. பள்ளிப் படிப்பிற்கும் பன்னிரண்டு ஆண்டுகளே. ஆயினும், குறிஞ்சிப் பூவைப்போல் அரிதாகத்தான் மலைமகள் பட்டம் பெற வேண்டும் என்று இயற்கை விதிக்கவில்லை. அதை ஆண்டுதோறும் நிகழச் செய்வது நம் கையில் உள்ளது.