இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கோடைகால ஆய்வகம்

தருமபுரி மாவட்டக் கல்லூரிகளில் இளநிலை இயற்பியல் படிப்பவர்கள், கோடை விடுமுறையில் நாட்டின் முன்னணி ஆய்வகங்களில் இரண்டு மாதம் வேலை பார்க்க வழி இருக்கிறது. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் இதற்கு உதவித்தொகை தருகின்றன. ரயில் கட்டணமும் உண்டு. சென்னை ஐஐடியும், பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் தனியே கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர்தான்.

அந்த இரண்டு மாதத்தில் என்ன நடக்கும்? நேயர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது இதைத்தான். பொருளறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்குப் பேரியம் டைட்டனேட் தயாரிக்கும் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். செல்போனுக்குள் இருக்கும் நுண்ணிய மின்தேக்கிகளில் பயன்படும் பீங்கான் இது. பேரியம் கார்பனேட்டையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் நிறுத்து, அகேட் கல்வத்தில் நெடுநேரம் அரைத்து, சுமார் 1100 டிகிரி செல்சியஸ் உலையில் வைக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, புதிய படிகம் உருவாகும். உருவாகிவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. போட்டதும் வெள்ளைப் பொடி, வந்ததும் வெள்ளைப் பொடி. எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது எந்தெந்தக் கோணத்தில் வலுவாகத் திரும்புகிறது என்று வரைந்தால்தான் தெரியும். அறை வெப்பநிலையில் இந்தப் படிகக் கூட்டின் ஒரு பக்கம் மற்ற இரண்டைவிட ஏறத்தாழ 1 சதவீதம் நீளம். அந்தச் சிறு வேறுபாட்டால், தாமிரக் குழாயின் எக்ஸ் கதிரில், 45 டிகிரிக்கு அருகே வரைபடத்தின் ஒரு முகடு இரண்டாகப் பிளந்து நிற்கும். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் படிகம் கனசதுரமாகி, பிளவு மறைந்துவிடும். எதிர்பாராத முகடு தெரிந்தால் வினை முடியவில்லை என்று பொருள் கொள்ளலாம். மறுபடி அரைத்து, மறுபடி உலையில் வைக்க வேண்டும். கல்லூரிச் செய்முறை வகுப்பில் வர வேண்டிய விடை ரெக்கார்டு நோட்டு எழுதும் முன்பே தெரியும். இங்கே விடையை அந்த வரைபடத்திலிருந்துதான் படித்தெடுக்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் தராத பயிற்சி அது.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக: அகாதெமிகளின் கடைசித் தேதி கோடைக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும் என்பதால், தீபாவளிக்கு முன்பே அறிவிப்பைத் தேடுவது நல்லது. செய்ய விரும்புவதை விளக்கும் சிறு கட்டுரையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தேவை. கட்டுரையில் "ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு" என்ற பொதுவான வரியைவிட, படித்த ஒரு சோதனையையும் அதில் எழுந்த ஒரு கேள்வியையும் எழுதுவது பலன் தரும். அந்தக் கேள்வியை முதலில் தன் கல்லூரி ஆசிரியரிடம் கேட்டுப் பேசிய மாணவியைப் பற்றி, பரிந்துரைக் கடிதத்திலும் அந்த ஆசிரியருக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.