தந்தையின் கைப்பேசி
2020 மார்ச் 18ஆம் தேதி, மலேசியாவில் கோவிட்-19 பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, ஜோகூரின் தமிழ்ப்பள்ளிகளும் மூடப்பட்டபோது, பாடங்கள் யாவும் கைப்பேசிக்குள் குடியேறின. அவ்வாண்டு ஜூனில் கல்வி அமைச்சு டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தைத் தொடங்கிற்று. சௌகரியமான ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆயினும், குடும்பத்தின் ஒரே கைப்பேசி தந்தையின் சட்டைப்பையிலேயே வேலைக்குப் போய், அந்தியில் வீடு திரும்பிய பிறகே, கணக்குப் பயிற்சியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஆசிரியைக்கு அனுப்ப வாய்த்த பிள்ளைக்கு, காலை ஒன்பது மணி நேரலை வகுப்பினால் என்ன பிரயோஜனம்? 2021 பிப்ரவரி 17ஆம் தேதி, என்டிவி7 அலைவரிசையில் டிடிக் டிவி என்னும் கல்வி ஒளிபரப்பு தொடங்கியபோது, வீட்டுக் கூடத்துப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி, இணையத்தின் தயவின்றியே உபாத்தியாயராயிற்று. ஆகவே, பள்ளிக்குத் தட்டைக் கணினி வாங்க நிதி திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், மாணவர் இல்லங்களில் பகற்பொழுதில் என்ன சாதனம் கைவசமிருக்கிறதென்று முதலில் விசாரித்தறிவது உசிதம்.