கடல் கடந்த படையாட்சி

என் பெயருக்கு முன்னே இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. முதலெழுத்து விழுப்புரத்தைக் குறிப்பது. அடுத்தது என் தந்தையாரை. மேலை நாட்டாருக்கு உள்ளதுபோன்ற குடும்பப் பெயர் நமக்கு இல்லை. பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் எழுதும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதை நம்மவருள் பலர் விட்டுவிட்டனர். விட்டது நன்றே என்பது என் கருத்து.

அத்தகைய பட்டங்களுள் ஒன்று 'படையாட்சி'. படை, ஆட்சி என்னும் இரு சொற்கள் கூடிய இப்பட்டம் விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பகுதிகளில் வன்னியரிடையே வழங்கி வந்தது. அது கடல் கடந்த கதையைக் கேளுங்கள்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் அதில் இருந்தனர். 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்து உழவர் பலரும் அவர்களுள் இருந்தனர். மொரீசியசுத் தீவிற்கு அதற்கு முன்பே கூலிகள் போயிருந்தனர். அந்நாடுகளில் குடும்பப் பெயரின்றிக் காரியம் நடவாது. ஆகவே சாதிப்பட்டமோ தந்தையார் பெயரோ அவ்விடத்தை நிரப்பியது. 'படையாட்சி' நாவில் தேய்ந்து 'படையாச்சி' ஆயிற்று. தென்னாப்பிரிக்கப் பொருளியல் அறிஞர் விஷ்ணு படையாச்சி. 2019 முதல் 2024 வரை மொரீசியசின் நிதியமைச்சராயிருந்தவர் ரெங்கநாதன் படையாச்சி. பெயரை மட்டும் பார்த்து உறவு கொண்டாடிவிட முடியாது. பட்டம் ஒன்று, ஊர் எதுவோ!

இங்கே அப்பட்டம் ஒருமுறை ஊரின்மேலும் ஏறிற்று. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை நடத்திய இராமசாமிப் படையாட்சியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1997-இல் மாவட்டங்களுக்கு இட்ட தலைவர் பெயர்கள் நீங்கின; விழுப்புரம் விழுப்புரமே ஆயிற்று. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராமசாமி ரெட்டியார் செய்தி வேறு. மக்கள் நாவில் அவர் 'ஓமந்தூரார்'. சென்னை அண்ணாசாலையிலுள்ள அரசினர் தோட்டமும் அப்பெயரையே பெற்றது. பட்டம் உதிர்ந்தது, ஊர் நின்றது.

கடல் கடந்தோர்க்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பட்டம் ஒட்டிக்கொண்டது, ஊர் உதிர்ந்தது. எனினும் முற்றும் அழிந்துவிடவில்லை. நேட்டால் கப்பல் பதிவேடுகளில், ஆளுக்கொரு வரியாக, எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர் எனக் குறித்திருக்கின்றனர். எழுத்தர்கள் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதியவை ஆதலால், ஊர்ப்பெயர்கள் பல உருக்குலைந்து கிடக்கின்றன. நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் அந்த ஒரு வரியைப் படியெடுத்துக்கொண்டு முன்னோர் ஊரைத் தேடுகின்றனர். தமிழ் அறியாதவர் பலர். வரைபடத்தில் அந்த எழுத்துக்கூட்டல் அகப்படுவதில்லை.

அச்சிதைந்த பெயரைக் கேட்ட அளவிலே, "இது எங்கள் ஏரிக்கு அப்பால் உள்ள ஊர்" என்று சொல்லத்தக்கவர்கள் இவ்வட்டாரத்தில் வாழும் நீங்களும் உங்கள் வீட்டு முதியோருமே. அடுத்த விடுமுறையில் உங்கள் வட்டத்துச் சிற்றூர்ப் பெயர்களை, பேச்சில் வழங்கும் வடிவத்தோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.