வைத்தியத்தின் பயனும் விலையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வைத்தியத்தின் பயன் யாது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். வியாதி தீர்வதே பயன் என்று சிறு குழந்தையும் விடை கூறும். ஆயின் ஆஸ்பத்திரிகளின் கணக்குப் புஸ்தகங்களில் அவ்விடையைத் தேடுவோமாயின் எளிதிற் காண்பதற்கில்லை. எத்தனை பேர் வந்தனர், எத்தனை படுக்கைகள் நிரம்பின, எவ்வளவு பணம் வசூலாயிற்று என்பவை அங்கே உள. வந்தவர் குணமடைந்தனரா, தம் தொழிலுக்குத் திரும்பினரா என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

இக்குறையை முதலில் உரத்துக் கூறியவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியராகிய எர்னஸ்ட் கோட்மன் என்பவர். ஒவ்வொரு வியாதியஸ்தரையும் சிகிச்சைக்குப் பின்னும் தொடர்ந்து விசாரித்து, முடிவு நன்றாயிற்றா, இல்லையேல் ஏன் என்று குறித்து வைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1911 முதல் 1916 வரை தம் சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறிய 337 பேரின் விவரத்தை ஆராய்ந்து, அவற்றில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். உடன்தொழில் செய்தோர் அவரை வெறுத்தனர். எனினும் அவர் விதைத்த வித்து அழியவில்லை. 2006-ம் ஆண்டில் மைக்கேல் போர்ட்டர், எலிசபெத் டீஸ்பெர்க் என்னும் இருவர் எழுதிய நூலில், வைத்தியத்தின் மதிப்பாவது வியாதியஸ்தர் அடைந்த நலனை அதற்குச் செலவான பொருளோடு சீர்தூக்கிக் காண்பதேயாம் என்று விளக்கினர்.

இக்கொள்கை நூலில் ஏறுவதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னரே அதனைச் செய்கையிற் காட்டியவர் நம் நாட்டவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1918-ல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். கடுமையான கீல்வாத நோயினால் அவருடைய விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களைக் கொண்டே ரண சிகிச்சை பழகிக் கண் வைத்தியரானார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற 1976-ம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் அவர் காலமாகும்போது, அஃது உலகத்தார் வந்து பார்த்துக் கற்கும் நிலையமாக வளர்ந்திருந்தது.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் செல்வர் கொடுத்த பெரு நன்கொடை என்று எண்ணற்க. காரணம் ஏற்பாடேயாம். ஒரு வைத்தியருக்கு இரண்டு சிகிச்சை மேசைகள் அடுத்தடுத்து இடப்படும். ஒன்றில் சிகிச்சை நடக்கையில் மற்றொன்றில் அடுத்தவர் சித்தமாக்கப்படுவார். கிராமத்துப் பெண்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்து, பரிசோதனை முதலிய வேலைகளை அவர்கள் செய்ய, வைத்தியர் தாம் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்வார். அதனால் வைத்தியரின் காலம் வீணாகாது, செலவும் குறையும். பணம் கொடுப்போர் தரும் கட்டணத்தைக் கொண்டே பணம் இல்லாதோர்க்கும் சிகிச்சை நடைபெறுகின்றது. சிகிச்சைக்குப் பின் நேரும் கேடுகளைப் பதிவு செய்து ஆராயும் வழக்கமும் அங்கே உண்டு.

புரை நீக்கிய கண்ணுள் வைக்கும் வில்லை முன்பு அயல்நாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை 100 டாலருக்கும் மேற்பட்டது. ஏழைகளுக்குக் கனத்த மூக்குக் கண்ணாடியே போதும் என்று கருதினோரும் இருந்தனர். அரவிந்த் நிலையத்தார் அதற்கு இணங்காமல் 1992-ல் ஆரோலாப் என்னும் சாலையை நிறுவி, சுமார் 10 டாலர் விலையில் வில்லை செய்தளித்தனர். விலை குறைந்தது, பயனோ மிகுந்தது. தலைமை என்பது இத்தகைய துணிவேயன்றி, நாற்காலியில் அமர்வதன்று.

மற்றொரு பாடமும் உண்டு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. பிரயாணச் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு ஆகியவை தடையாக நின்றன. ஆதலின் முகாமிலிருந்து அழைத்துச் சென்று, உணவிட்டு, ஊரிற் கொண்டுவந்து விடும் ஏற்பாடும் சிகிச்சையின் பகுதியாயிற்று.

இம்முறை எல்லா நோய்க்கும் அப்படியே பொருந்துமோ எனின், பொருந்தாது. புரை ஒரு நாட் சிகிச்சையில் தீர்வது. நீரிழிவோ வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. அதில் பயனாவது, பத்தாண்டு கழிந்தும் கால் அழுகாமலும் கண் மங்காமலும் இருத்தல். அதனை ஒரு நாட் கூட்டத்தைக் கொண்டு அளக்க இயலாது. ஆயினும், முடிவைக் கொண்டே முயற்சியை மதிப்பிடுக என்னும் விதி இரண்டிற்கும் ஒன்றே.

அன்பர்களே! நம்மைப் போன்ற சங்கத்தார் வைத்திய தர்மத்துக்குப் பொருள் திரட்டுங்கால், கட்டடம் எழுப்பிக் கல்வெட்டிற் பெயர் பொறிக்கவே மனம் நாடும். இரத்த சர்க்கரை பார்க்க முகாம் நடத்திப் புகைப்படம் எடுப்பதோடு அமைவதும் உண்டு. அம்முகாமிற் சர்க்கரை மிகுந்திருந்ததாகக் கண்ட முதியவள் மறு மாதம் மருந்து உண்டாளா என்று வினவுவார் யார்? அவளுடைய பஸ் சத்தத்தைக் கொடுப்பதும், மும்மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்குச் சென்று விசாரிப்பதும், கல்வெட்டில் ஏறாத தர்மங்களாயினும் உயிர் காக்கும் தர்மங்களாம்.

ஆகவே, எந்த ஆஸ்பத்திரிக்கு நன்கொடை அளிப்பதாயினும் மூன்று வினாக்களைக் கேட்போமாக. குணமடைந்தோர் எத்தனை பேர்? அதற்குத் தலைக்கு ஆன செலவு எவ்வளவு? திரும்பி வராதவரைத் தேடிச் சென்றது யார்? விடை எழுத்தில் உள்ள இடத்துக்கே நம் பொருள் சேர்வதாகுக. இவ்வினாக்களை முதலில் நம் சங்கத்துக் கணக்கிலேயே கேட்டுப் பார்ப்பது நன்று.