புதுவாகனம் ஏன் உதறுகிறது?



பழைய வண்டி உதறினால் எவரும் வியப்படைவதில்லை. வயது வந்துவிட்டது என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். ஆனால் நேற்றுத்தான் விற்பனையாளரிடமிருந்து வந்த வாகனம், இருக்கையின் மேலுறைகூடக் கழற்றப்படாத வாகனம், வேகமெடுத்தவுடன் நடுங்கத் தொடங்கினால் உரியவனின் நெஞ்சும் அதனுடன் சேர்ந்து நடுங்குகிறது. அந்த நடுக்கத்தின் காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் நாட்டில் பல ஆண்டுகளாக நிறுத்தப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளிலும் புதிய பிக்கப் வாகனங்களைக் காண்கிறோம். என் தமக்கையின் மகனும் அவ்வாறான ஒன்றை லீசிங் கடனில் வாங்கினான். நீர்வேலி வாழைக்குலைகளைத் தென்பகுதிக்கு ஏற்றிச் செல்வது அவன் தொழில். மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாளைய வருமானம் போயிற்று.

வாங்கி மூன்றாவது வாரம் என்னிடம் வந்தான். "மாமா, அறுபதைத் தாண்டினால் வண்டி உதறுகிறது. மூன்று இடத்தில் சில்லுகளைப் பலன்ஸ் செய்தும் நிற்கவில்லை. விற்றவர்களோ இந்த ரக வாகனம் இப்படித்தான் என்கிறார்கள்" என்றான். வாகனத்தைத் திருப்பி எடுக்கும்படி கேட்டு எழுதிய கடிதமும் அவன் சட்டைப்பையில் இருந்தது.

கடிதத்தை அனுப்புமுன் சுன்னாகத்தில் ஒரு முதியவரைப் பார்ப்போம் என்றேன். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பெற்றோல் அருமையாகிவிட, மண்ணெண்ணெயைக் கொண்டே ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடச்செய்த திருத்துநர் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் தொழில் செய்தவன், கழற்றுவதற்கு முன் யோசிக்கப் பழகியிருப்பான். தேவையில்லாமல் ஒன்றை மாற்றிப் பார்க்கும் வசதி அவனுக்கு இருந்ததில்லை.

நேயர்களே, அவர் செய்ததைச் சொல்லுமுன் உதறல் என்றால் என்ன என்பதைச் சிறிது விளங்கிக்கொள்வோம். சுழலும் பொருள் ஒன்றில் ஒரு பக்கம் பாரம் மிகுந்திருந்தால், அந்தப் பாரம் மையத்தை விட்டு வெளியே இழுக்கும். பாடசாலையில் மையநீக்க விசை என்று படித்தோமே, அதுதான். பதினேழு அங்குல றிம்மின் ஓரத்தில் 30 கிராம் பாரம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். கையில் எடுத்தால் அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அதே 30 கிராம், ஏறத்தாழ 1.7 கிலோகிராம் பாரத்தின் அளவான விசையுடன் அச்சை ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் இழுக்கிறது. வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை. நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஊருக்குள் 35இல் அமைதியாகச் செல்லும் வண்டி, வெளியே 70இல் நடுங்குவதன் இரகசியம் இதுவே.

இதனோடு பரிவு என்ற ஒன்றும் உண்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற தருணத்தில் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகும். வாகனத்தின் அச்சுக்கும் வில்லுக்கும் உடலுக்கும் தத்தமக்குரிய ஆட்டங்கள் உள்ளன. சுழற்சியின் மீடிறன் அவற்றுடன் ஒத்துவரும் வேகத்தில் உதறல் பெருகும். அதைக் கடந்தால் சில வேளை தணிந்துவிடும். வேகத்தைக் கூட்டியதும் நின்றது, ஆகவே குறை ஏதுமில்லை என்று எண்ணுவது தவறு. குறை அங்கேயே இருக்கிறது; ஒத்துவரும் வேகம் மட்டுமே கடந்துவிட்டது.

இன்னொன்றையும் கருதவேண்டும். குண்டும் குழியுமாக இருந்த நாளில் ஏ9 வீதியில் எந்த வாகனம்தான் குலுங்காமல் சென்றது? வீதியின் குலுக்கலில் வாகனத்தின் குலுக்கல் மறைந்திருந்தது. இன்று காபெற் இடப்பட்ட வீதியில், வண்டியின் சிறு குறையும் உள்ளங்கையில் தெரிகிறது.

சரி, முதியவரிடம் வருவோம். அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் எங்களை அமரச் செய்து, வைத்தியர் நோயாளியை வினவுவதுபோல் வினவினார்.

எப்போது உதறுகிறது? காலையில் புறப்படும்போது மட்டும் உதறி, இருபது முப்பது கிலோமீற்றர் ஓடியபின் நின்றுவிட்டால், அது நெடுநாள் நின்ற ரயர் தரையில் அழுந்தித் தட்டையானதால் வருவது. கப்பலிலும் துறைமுகத்திலும் மாதக்கணக்கில் நின்ற புதுவாகனங்களில் இது உண்டு. இதன் பொருட்டே சில வாகனங்களை ரயர்களில் கூடுதலான காற்றழுத்தம் வைத்து அனுப்புவார்கள். கையளிக்கும்போது அதைக் குறைக்க மறந்தால் வண்டி கல்லாய் இறுகி ஓடும். சாரதியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, ரயர் ஆறியிருக்கும்போது அளப்பதே முறை.

எங்கே தெரிகிறது? ஸ்ரியறிங்கில் கை நடுங்கினால் பெரும்பாலும் முன் சில்லு. இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்புறம். பிறேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் பிறேக் தட்டு. ஓடுவேகத்தை மாற்றாமல் கியரை ஒன்று இறக்கினால் இயந்திரத்தின் சுற்று மட்டும் கூடும். அப்போது உதறலும் மாறினால் இயந்திரத்தின் பக்கம் தேடவேண்டும். மாறாதிருந்தால் சில்லிலும் அச்சிலும் தேடவேண்டும்.

எவ்வளவு விரைவாக உதறுகிறது? இக்கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. இவ்வகை வாகனத்தின் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.4 மீற்றர் உருளும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு எட்டுத் தடவை சுழலும். ஆகவே சில்லின் குறை, செக்கனுக்கு எட்டு என்ற கணக்கில் ஆளைக் குலுக்கும். கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட சுழல்தண்டோ, இவ்வகை வாகனங்களில் சில்லைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைந்து சுழலும், செக்கனுக்கு முப்பத்திரண்டு. அது குலுக்கலாகத் தெரியாது; வண்டு முரல்வதுபோன்ற ரீங்காரமாகப் பாதத்தில் தெரியும். இக்காலக் கைத்தொலைபேசிகளில் ஆர்முடுகல்மானி உண்டு. அதைத் தரையில் வைத்து, இந்த எண்ணிக்கையை அளந்து காட்டும் செயலிகளும் உள்ளன. வாகனத்தை ஓட்டுபவர் அதைப் பார்க்கலாகாது. அருகில் இருப்பவரே பார்க்கவேண்டும்.

மருமகன் விடையளித்தான். ஸ்ரியறிங்கில் இல்லை, இருக்கையில்தான். குலுக்கல் அன்று, இரைச்சலோடு கூடிய துடிப்பு. பாரம் ஏற்றியபோது குறைவு. வெறுவண்டியாகத் திரும்பும்போது அதிகம்.

முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, வாங்கின பிறகு இந்த வண்டியில் யாரேனும் கை வைத்தார்களோ?"

"இல்லை ஐயா" என்றவன் சற்று நின்றான். "பாரம் தாங்கட்டும் என்று பின் வில்லுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு கூட்டினோம். அது முதல் வாரத்திலேயே செய்தது."

மூன்று வாரமாக அவன் எவரிடமும் சொல்லாத செய்தி அது. மறைக்க நினைக்கவில்லை, அதற்கும் உதறலுக்கும் தொடர்பு உண்டென்று எண்ணவில்லை.

தொடர்பு இதுதான். சுழல்தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டுகள் உள்ளன. கோணலாக நிற்கும் இரு தண்டுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்துவதே அவற்றின் வேலை. பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் பெயரால் இன்றும் அழைக்கப்படும் இம்மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒருபுறம் சீராகச் சுழன்றாலும், கோணம் இருக்குமாயின், மறுபுறம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். கோணம் சிறிதாக இருந்து, இரு முனைகளிலும் ஒத்திருந்தால், ஒரு மூட்டின் தளர்வை மற்றது ஈடுசெய்யும். கூட்டிய தகடு வண்டியின் பின்புறத்தை உயர்த்தியது; உயர்ந்ததும் கோணம் பெருகியது; ஈடு கெட்டது. பாரம் ஏற்றினால் வில்லு தாழ்ந்து கோணம் பழைய நிலையை நெருங்கும், துடிப்பும் அடங்கும். சில்லுகளை மூன்று முறை அல்ல, முப்பது முறை சமன்செய்தாலும் இது தீர்ந்திராது.

ஊகத்தை ஊகமாக விடாமல் அவர் சோதித்தார். வண்டியில் பத்துச் சீமெந்துப் பைகளை ஏற்றிக் கட்டினோம், ஐந்நூறு கிலோகிராம். கொடிகாமம், பளை கடந்து ஆனையிறவு நோக்கி, சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே சென்றோம். துடிப்பு இல்லை. பைகளை இறக்கி அதே வீதியில் அதே வேகத்தில் மீண்டும் சென்றோம். துடிப்பு வந்தது. ஆனையிறவு வெளியில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளியபோது மருமகன் திரும்பிப் பார்த்தான். "அது காற்று, தம்பி; அதையும் கணக்கில் சேர்க்காதே" என்றார் முதியவர். மறுநாள் கூட்டிய தகடுகள் கழற்றப்பட்டன. வெறுவண்டி அமைதியாக ஓடிற்று. கடிதம் கிழிக்கப்பட்டது.

வில்லுக்குத் தகடு கூட்டினால் வண்டியின் உயரம் கூடலாம். அச்சும் ரயரும் பிறேக்கும் தாங்கக்கூடிய பாரம் கூடுவதில்லை. இதைச் சாரதிமார் நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லா உதறலும் நம் கையால் வருவதென்று நான் சொல்லவில்லை. வட்டம் பிசகிய ரயரும், நெளிந்த றிம்மும், சமன் செய்யாத சுழல்தண்டும் புதுவாகனத்திலும் வரக்கூடும். அப்போது விற்றவர் பொறுப்பேற்கவே வேண்டும். ஆயினும் "உதறுகிறது" என்ற ஒரு சொல்லுடன் செல்பவரை எளிதில் திருப்பியனுப்பலாம். எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில், எந்தக் காற்றழுத்தத்தில், செக்கனுக்கு எத்தனை தடவை என்று எழுதிச் செல்பவரிடம், வண்டியின் இயல்பே இது என்று சொல்லித் தப்ப முடியாது. அவரையும் உடன் ஏற்றிக்கொண்டு அதே வீதியில் ஓட்டிக்காட்டுங்கள்.

வலிகாமத்துத் தோட்டங்களுக்குள் வண்டி கொண்டுசெல்வோருக்கு ஒரு சொல். மழைநாளில் செம்மண் றிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிடும். முப்பது கிராம் என்ன செய்யும் என்று கண்டோம். காய்ந்த மண்கட்டி அதனினும் பன்மடங்கு. சமன்செய்யும் இடத்துக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு வாளித் தண்ணீரைச் செலவிடுங்கள். சில்லைக் கழற்றிப் பூட்டினால், அது உட்காரும் முகத்தில் துருவும் மண்ணும் இல்லாமல் துடைத்து, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். நூறு கிலோமீற்றர் ஓடுமுன் அவற்றை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். உதறலோடு ஓடும் வண்டியில் நட்டுத் தளர்வதும், மூட்டுத் தேய்வதும், தண்டு அறுந்து விழுவதும் நடக்கக்கூடியவை. அந்த வீதியில் வண்டிக்குரியவர் மட்டுமா செல்கிறார்? பாடசாலைப் பிள்ளைகளும் சைக்கிளில் செல்கிறார்கள்.

அன்று புறப்படும்போது முதியவருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று மருமகன் கேட்டான். தகடு கழற்றிய கூலியை மட்டும் பெற்றுக்கொண்டார். கேள்வி கேட்டதற்குக் கூலி இல்லையா என்றேன் நான். "அதை அவர் தன்னிடமே கேட்டிருந்தால் இங்கே வந்திருக்க மாட்டார்" என்று சொல்லிச் சிரித்தார்.