தாளில் தைத்த செடி

பட்டம் பெறும் பிள்ளைகளே, திண்டுக்கல் வெயிலில் நின்று மேற்கே பார்த்தால் பழனிமலை தெரியும். அதன் மேலே, கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் 1895இல் சேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். இறையழைத்தலைத் தேடி வந்தவர்கள் அங்கே செடிகளையும் தேடினார்கள்.

அங்லாத் அடிகளார் மலைச்செடிகளை வண்ணத்தில் வரைந்தார். ஃபொரோ அடிகளார் குனிந்து பாசி பொறுக்கினார். ஆம், நாம் வழுக்கிவிடுமே என்று ஒதுங்கிப் போகிற அதே பாசி! இன்று ஒரு பாசிப் பேரினமே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர்களுக்குப் பின் வந்த மத்தேயு அடிகளார் 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் உலர்தாவரக் காப்பகமான ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவினார். பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1999இல் வந்தது.

ஹெர்பேரியத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்திய செடி; அதன் தண்டைப் பிடித்திருக்கும் நூல் தையல்; பச்சை போய்ப் பழுப்பேறிய இலை. மூலையில் ஒரு சீட்டு: பெயர், ஊர், உயரம், தேதி, எடுத்தவர். 'இதைப் படைத்தவர் கடவுள்' என்று அந்தச் சீட்டில் இருக்காது. அதை எழுதியவர் அன்று காலை பலிபீடத்தில் நின்ற குருவானவராகவும் இருக்கலாம். ஆனாலும் கண்டதை மட்டுமே எழுதினார். அந்த நேர்மையும் ஒரு வழிபாடுதான் என்று உறுதியாகச் சொல்வேன். தொடக்க நூலில் உயிர்களுக்குப் பெயரிடும் வேலை ஆதாமிடம்தானே ஒப்படைக்கப்படுகிறது!

பெல்ஜியக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ரும் இப்படித்தான். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் கணக்கிட்டுச் சொன்னவர் அவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் படைப்புக்குச் சான்று தருவதுபோலப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டியவர் சங்கடப்பட்டார். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலைப்பாடு. நாளை வேறொரு கணக்கு வந்தால் விசுவாசமும் சேர்ந்து ஆடக்கூடாதல்லவா?

வேண்டுதலும் ஆய்வும் தனித்தனி வேலை என்பதற்கு நம் பக்கத்துச் செய்தி ஒன்று. சிறுமலை வாழையை முடிக்கொத்து நோய் வாரிக்கொண்டு போனது. குருத்து விரியாமல் கொத்தாகக் குறுகிவிடும். பிறகு குலை ஏது? தோட்டக்காரர்கள் வேண்டுதல் வைத்திருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி, நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டுபிடிக்க வேறு உழைப்பு வேண்டியிருந்தது. திசு வளர்ப்பில் வைரஸ் இல்லாத கன்றுகள் உருவான பிறகே மலைத்தோட்டங்களில் மறுபடி நம்பிக்கை துளிர்த்தது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிறுமலைக்குப் போகிறவர்கள், அந்த வாழைகளின் குருத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.