காத்திருக்கும் பணம்

கீழே கடை, மேலே வீடு என்று வளர்ந்த பழைய கடைத்தெருக்களை இடித்துக் கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பது இக்கருத்தரங்கின் கேள்வி. பணத்துக்குப் பஞ்சமில்லை, காத்திருக்கும் பணத்துக்குத்தான் பஞ்சம் என்பது என் கட்சி. மும்பையின் பெண்டி பஜாரே இதற்குச் சான்று. ஏறத்தாழ 16.5 ஏக்கரில் 250 கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள் இருந்தன. 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தியது. சொற்ப வாடகைக்கு உரிமையாளர் பழுதுபார்க்க மாட்டார். ‘பகடி’ எனும் மொத்த முன்பணம் கொடுத்து நுழைந்த வாடகைதாரர் வெளியேற மாட்டார். 2017 ஆகஸ்ட் 31 அன்று அங்கே ஒரு கட்டடம் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதற்கு மகாராஷ்டிரம் கண்ட வழி, கூடுதல் தளப்பரப்பை அனுமதிப்பது. பழைய வாடகைதாரருக்கு இலவசமாக இடம் கொடுத்துவிட்டு, மேல்மாடிகளை விற்றுக் கட்டுநர் செலவை ஈட்டிக்கொள்வார். அரசுக்கு ஒரு காசும் செலவில்லை என்பதால் இது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நிலவிலை வானளாவிய ஊரில்தான் இந்தக் கணக்கு நேராகும். அங்கும்கூட, கடைசி வாடகைதாரர் காலிசெய்யும்வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது தரைத்தளக் கடை. குடும்பத்துக்கு மாற்றுவீடு தந்தால் போதும். கடைக்கு மாற்றிடம் மட்டும் தந்தால் போதாது, வாடிக்கையாளரும் கூடவே வர வேண்டும். அவர் அடுத்த தெருவில் வாங்கப் பழகிவிட்டால் புதுக்கடையின் பளிங்குத் தரையால் பயனில்லை. பெண்டி பஜாரில் 2009-இல் தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தார் நிறுவிய லாப நோக்கற்ற அறக்கட்டளை, முதலில் கட்டடங்களை வாங்கி, மக்களைத் தற்காலிக இடங்களுக்கு மாற்றி, பிறகே கட்டத் தொடங்கியது. அதன் முதல் ரூபாய்க்குக் கெடு கிடையாது.

சமயப் பற்றால் திரண்ட பணத்தை மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அந்தப் பற்றை இரவல் வாங்க முடியாது. ஆனால் அப்பணம் செய்த வேலையைப் பொதுநிதி செய்யலாம். தனியார் கடைக்குப் பொதுப்பணமா என்ற மறுப்பு இதைவிடக் கடினமானது. அந்த மறுப்புக்கு வலுச் சேர்ப்பது கலிபோர்னியாவின் அனுபவம். அம்மாநிலம் 1952 முதல், மறுசீரமைப்புப் பகுதிகளில் உயரும் சொத்துவரியை அப்பகுதிகளுக்கே ஒதுக்கியது. நாளடைவில் மறுசீரமைப்பு முகமைகள் ஏறத்தாழ நானூறாகப் பெருகி, பள்ளிகளுக்குச் சேரவேண்டிய பங்கையும் விழுங்கின. 2012-இல் அத்தனையும் கலைக்கப்பட்டன. காலவரம்பும் உச்சவரம்பும் தளர்ந்ததே அங்கு நேர்ந்த பிழை என்பது என் தீர்ப்பு. ஆகவே நான் கேட்பது மானியம் அல்ல. இடிக்கும் நாளுக்கும் கடை திறக்கும் நாளுக்கும் இடையிலான காலத்துக்கு மட்டும், பிற்பாடு கடைவாடகையிலிருந்து திரும்பும் குறைந்த வட்டிக் கடன். கட்டுரை வாசிக்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தத் திட்டத்தைப் பேசினாலும், அந்த இடைக்கால வட்டியை யார் தலையில் கட்டினார்கள் என்பதை முதல் அட்டவணையிலேயே காட்டுங்கள்.